76 கிலோவில் எடை நின்றுவிட்டது. சோற்றை அடியோடு விட்டுவிடலாமா?

முதுநகர்க்காரி, கடலூர்

வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 157 செ.மீ. கடலூர் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார்.

போன தீபாவளிக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று வந்தது. 6.5 வந்தால்தான் சர்க்கரை நோய் என்று சொல்வார்களாம், 5.7-ஐத் தாண்டினாலே எல்லைக்கோடாம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். சர்க்கரையால் அப்பாவின் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான். எனக்கு அந்தப் பயம் ஒன்றே போதும். அன்றைக்கு எடை 84.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். காலையில் மூன்று இட்லி. மதியம் ஒரு கப் சோறு, மீன் குழம்பு, ஏதாவது பொரியல். ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. விடியற்காலையில் வீட்டுக்காரர் வண்டியில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுவார், முக்கால் மணி நேரம் நடப்பேன். முதல் மாதமே நான்கு கிலோ போனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்த அன்று அதே கடற்கரைக் கூட்டத்தில் சித்தி பெண் என்னைப் பார்த்துவிட்டு, "நீதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது 76-க்கு வந்திருந்தேன்.

அதோடு சரி. சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது, முள் அங்கேயே நிற்கிறது. ஒரு நாள் 75.6 காட்டும், மறுநாள் 76.9. நடையை விடவில்லை, சாப்பாட்டை மாற்றவில்லை. இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, கம்பெனியிலும் வேலை குறைவு. அதனால் இன்னும் அக்கறையாகத்தான் இருக்கிறேன்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி சாப்பாட்டை முழுதாக விடச் சொல்கிறார். யூடியூபில் ஒருவர் அரிசி என்ற பேச்சே கூடாது என்கிறார். கூட வேலை செய்யும் ஒரு பெண் மூலிகைப் பவுடர் என்று ஒரு டப்பா விற்கிறாள், பத்து நாளில் அசையும் என்கிறாள். மாமியாரோ, "உடம்பு வற்றிப் போச்சு, இதோடு நிறுத்து" என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: சோற்றை அடியோடு விடலாமா? உடம்பில் ஏதாவது கோளாறு வந்து எடை நின்றதா? இத்தனை பாடுபட்டும் இறங்கவில்லை என்றால் இதைத் தொடர்வதில் பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசி, புதுச்சேரி

சகோதரி, தினமும் ஏறி நிற்பதை முதலில் விடுங்கள். எனக்கும் 91-இல் நின்றது. தினமும் பார்த்து மனசு கெட்டதுதான் மிச்சம். அப்புறம் ஒரு வாரத்து எடையெல்லாம் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் போன மாதச் சராசரியோடு ஒப்பிட ஆரம்பித்தேன். அசையவே இல்லை என்று நினைத்திருந்தது உண்மையில் மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

கூடவே ஒரு தையல் டேப் வாங்கி இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நான் சாயங்காலம் புதுவை கடற்கரைச் சாலையில் நடப்பவன், என் கூட நடப்பவர்களில் இரண்டு பேருக்கு எடை அப்படியே இருக்க இடுப்பு மட்டும் இறங்கியது. ராத்திரி உணவை ஏழு மணிக்கு முன்னால் முடித்து, மறுநாள் காலை பதினொன்று வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது எனக்கு ஒத்துவந்தது. உங்களுக்கு எப்படியோ, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்மண்டலம் அக்கா, கடலூர்

முதுநகர் தங்கச்சிக்கு. நான் டயட்டீஷியன். செம்மண்டலத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் வேலை. தினமும் பஸ்ஸில் போகும் நேரத்தில்தான் இங்கே படிப்பேன். உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் வேறு எதுவும் ஓடவில்லை. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பயன் உண்டு. 2006-இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தியது, இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று பெயர். உங்களைப் போலவே சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாகிவிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39 விழுக்காடு. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது கூட்டத்துக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை நின்ற இடத்தில் நின்றபோதும் அந்த நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் அவர்களைக் காத்திருக்கின்றன. நீங்களோ எட்டு கிலோ குறைத்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள். உங்கள் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது. இந்த வாரமே மூன்று மாதச் சர்க்கரையை மறுபடி பாருங்கள். உங்கள் உழைப்புக்கான மதிப்பெண் அந்தத் தாளில்தான் வரும்.

சரி, எடை ஏன் நின்றது? முதல் மாதத்து நான்கு கிலோவும் கொழுப்பாக இருந்திருக்காது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று ஒரு சேமிப்பு உண்டு. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் போவது அதுதான். அந்த வேகம் எப்போதுமே நீடிக்காது, யாருக்கும் நீடித்ததில்லை.

அடுத்தது, 84 கிலோ உடம்புக்கு வேண்டிய தீனி 76 கிலோ உடம்புக்கு வேண்டியதில்லை. துறைமுகத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, சின்னப் படகு குறைந்த டீசலில் ஓடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது கெவின் ஹால் குழு இதைக் கணக்குப் போட்டது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது, அதே சமயம் பசி சுமார் 100 கலோரி ஏறுகிறது. உங்கள் எட்டு கிலோவுக்கு, செலவில் மட்டும் தினம் 160 முதல் 240 கலோரி குறைந்துவிட்டது. தீபாவளியின்போது உங்களை இளைக்க வைத்த அதே மூன்று இட்லியும் ஒரு கப் சோறும் இரண்டு சப்பாத்தியும் இப்போதைய உடம்புக்குச் சரியான அளவுச் சாப்பாடாகிவிட்டன. கோளாறு ஒன்றுமில்லை. பட்டினி வரப்போகிறது என்று நினைத்து உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது, அது அதன் வேலை.

இன்னொன்று உங்கள் எழுத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கடந்து போய்விட்டீர்கள். தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். சீசனில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர் நாற்காலியிலா இருப்பார்? வண்டிக்கும் தராசுக்கும் படகுக்கும் நடந்துகொண்டேதான் இருப்பீர்கள், பாக்கி வசூலிக்கத் துறைமுகம் முழுக்கச் சுற்றுவீர்கள். அந்த நடமாட்டத்தை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணுவதில்லை. ஆனால் கடற்கரையில் நடக்கும் முக்கால் மணி நேரத்தைவிட அது அதிகமாக எரிக்கக்கூடும். இப்போது அது இல்லை. தட்டிலும் பாருங்கள். ஃபைபர் படகு மீன் வருகிறதுதான், ஆனால் விலை கையைக் கடிக்கிறது. எங்கள் வீட்டிலேயே வாரத்துக்கு ஒருமுறையாகிவிட்டது. மீன் குறைந்தால் புரதம் குறையும், புரதம் குறைந்தால் பசி சீக்கிரம் எடுக்கும், தசையும் கரையும். முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மீன் இல்லாத நாளில் இரண்டு முட்டை, இல்லாவிட்டால் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் கெட்டியான பருப்பு. தடை முடிந்து படகு போனதும் கவலை மீன் மலிவாகக் கிடைக்கும், அதைக் குழம்பாகவே வைத்துச் சாப்பிடுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை.

சோற்றை விடாதீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதில் இது முக்கியம். வேகவைத்த சோறு 100 கிராமில் 130 கலோரிதான். ஒரு கப் 150 கிராம் என்றால் 195. உங்கள் ராத்திரிச் சப்பாத்தியைக் கணக்குப் போடுங்கள். முப்பது கிராம் மாவு 100 கலோரி, கல்லில் விடும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40. இரண்டு சப்பாத்தி 280, குருமா தனி. சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் பிடித்த சாப்பாட்டை விட்டுவிட்டுப் பிடிக்காததை அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டு எடை இறங்கவில்லையே என்று அழுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். ராத்திரியும் அளந்த சோறு, ரசம், நிறையக் காய் சாப்பிடலாம். தாராளமாக.

ராத்திரி சாப்பாட்டை முழுதாக விடுவதும் வில்லியனூர் சகோதரர் சொல்லும் முறையும் வேறு வேறு. அவர் நேரத்தைச் சுருக்குகிறார். அதனால் மொத்த அளவு குறைந்தால் பலன் வரும், குறையாவிட்டால் வராது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, இரண்டு பிள்ளைகள் என்று இருக்கும் பெண்ணுக்குக் காலை பதினொன்று வரை வெறும் வயிறு தேவையில்லை என்பது என் கருத்து. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பவுடர் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிராது. மூலிகை என்ற பெயரில் விற்ற எடைக் குறைப்புப் பொருள்கள் பலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்து ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து இருப்பதால் 2010-இல் அங்கேயும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அந்தப் பெண் உங்களை ஏமாற்ற நினைக்கிறாள் என்று சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது.

கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்துக்குத் தைராய்டு சோதனை ஒன்று போதும். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்டீராய்டு, வலிப்பு, மனநல மாத்திரைகளில் சில எடையை ஏற்றும். அப்படி ஏதாவது எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் 75.6, மறுநாள் 76.9 என்பது தண்ணீர். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாலே அந்த உப்புக்கு ஒரு கிலோ ஏறி நிற்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் அப்படித்தான்.

இனி செய்ய வேண்டியது. நடையைக் கூட்ட வேண்டாம், அதில் வாரத்துக்கு இரண்டு நாளைத் தசைக்குக் கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டிலைத் தூக்கி இறக்குவது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் அதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தசை வீங்கித் தண்ணீர் பிடிக்கும், எடை கொஞ்சம் ஏறக்கூடும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ஒரு பத்து நாள் மட்டும், வாயில் போடும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், எண்ணெய் உட்பட. 1992-இல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களைச் சோதித்தார்கள். உடம்பின் இயக்கம் சரியாகவே இருந்தது. உண்மையில் சாப்பிட்டதில் பாதியளவைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, மனித மனசு அப்படித்தான் எண்ணுகிறது. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசையை யாருமே எழுதுவதில்லை.

தினம் 250 கலோரி குறைந்தால் மாதம் ஒரு கிலோ இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி என்பது கணக்கு. அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். சோர்வாக இருந்தால் தடைக்காலம் முடியும்வரை 76-ஐ ஏறாமல் காத்துக்கொள்வதே போதும். குறைத்த எடையைப் பிடித்துவைப்பது குறைப்பதைவிடக் கடினமான வேலை. அதை நீங்கள் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மெஸ்காரம்மா, திருப்பாப்புலியூர்

டயட்டீஷியன் அம்மா எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துகிறேன், எண்ணெய் என் பிழைப்பு. அதனால் மீதியை நான் சொல்கிறேன் கண்ணு.

ஒரு சாப்பாட்டில் எவ்வளவு எண்ணெய் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தாளிப்பில் ஒளிந்துகொள்ளும், பொரியலில் ஒளிந்துகொள்ளும். மாதக் கணக்கு பொய் சொல்லாது. மளிகைச் சீட்டை எடு. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறாய், வீட்டில் எத்தனை பேர்? நாலு பேருக்கு மூணு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம். அதே நாலு பேருக்கு அஞ்சு லிட்டர் என்றால் 38 கிராம். ஒரு கிராமுக்கு 9 கலோரி என்று என் பெண் சொன்னாள், அவள் நர்சிங் படிக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மட்டும் ஆளுக்கு 135 கலோரி.

அதனால் மாதப் பிறப்பன்று வேண்டிய எண்ணெயை ஒரு தூக்கில் அளந்து ஊற்றி வை. அதிலிருந்து மட்டும் எடு, ஸ்பூனால் எடு. பாட்டிலைக் கவிழ்க்காதே. கவிழ்க்கிற கைக்கு அளவு தெரியாது, எவ்வளவு அனுபவக் கையாக இருந்தாலும் சரி. அப்புறம் தேங்காய். நம்ம ஊர் மீன் குழம்பில் அரை மூடி அரைத்து ஊற்றினால்தான் ருசி என்று எனக்கும் தெரியும். 100 கிராம் தேங்காய்க்கு 350 கலோரி. புளியும் தக்காளியும் தூக்கலாக வைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையத் தட்டிப் போட்டால் தேங்காய் இல்லாமலே குழம்பு நிற்கும். என் மெஸ்ஸில் செவ்வாய், வியாழன் அப்படித்தான். யாரும் குறை சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்கள்.

முதுநகர்க்காரி, கடலூர்

மூன்று பேருக்கும் மனசார நன்றி. அக்கா எழுதியதை வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமியாரும் கேட்டார். சோறு சாப்பிடலாம் என்ற இடத்தில் அவருக்கு நிம்மதி.

மளிகைச் சீட்டைப் பார்த்தேன். ஐந்து பேருக்கு மாதம் ஆறு லிட்டர். மெஸ்காரம்மா சொன்னபடி வகுத்தால் ஆளுக்கு 37 கிராம் வருகிறது. வருகிற மாதம் நான்கு லிட்டர்தான் தூக்கில் ஊற்றப் போகிறேன். மாமியார் ஒப்புக்கொண்டுவிட்டார், தேங்காய்க்கு மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. நாளைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறேன், தைராய்டும் சேர்த்து.

அக்காவிடம் இன்னும் ஒன்று. கம்பெனியில் நாலு மணிக்கு டீயும் வடையும் வரும். எல்லோரும் சேர்ந்து உட்காரும் நேரம் அது ஒன்றுதான். அதையும் விட வேண்டுமா?

செம்மண்டலம் அக்கா, கடலூர்

டீ குடியுங்கள், கூட உட்காருங்கள். வடை வாரத்தில் இரண்டு நாள், அதுவும் ஒன்று. மற்ற நாளுக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். நோட்டில் வடை நாளை வடை என்றே எழுதுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பேன், ரத்த முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். வெறும் வயிற்றில் கொடுக்கப் போவதால் நாளைக்கு விடியற்காலை நடை வேண்டாம், கொடுத்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்ட பிறகு சாயங்காலம் நடந்துகொள்ளலாம்.